குஞ்சம் வைத்த எழுத்து

ஒருத்தியின் பெயருக்கென்று கொடுத்துவிட்ட எழுத்தை இன்னொருத்தியின் பெயருக்குப் போடலாமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. என் கணவரிடம் கேட்டேன். எழுத்தெல்லாம் எல்லாருக்கும் பொதுதானே என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

என் மகள் கயல்விழிக்குத் தை மாதம் காதுகுத்து. பத்திரிகைக்கு மாதிரி அடித்து வந்திருக்கிறது. அதில் அவள் பெயர் நடுவில், பெரிதாக, எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை வரைந்தவரின் பக்கத்து நாற்காலியில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் குழப்பம். தெரியாமல் இருந்திருந்தால் நானும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பேன்.

அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவரான எங்கள் முதலாளியும் அப்படித்தான். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகம். கீழே மெஷின்கள். மாடியில் டிசைன் அறை. அந்த அறையில் ஏ.சி. உண்டு, கம்ப்யூட்டர்களுக்காக. நாங்களும் உள்ளே இருந்ததால் எங்களுக்கும் அது கிடைத்தது. பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், நோட்டு அட்டை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அந்த ஒரே அறையிலிருந்துதான் போகும்.

சுனாமி வந்த வருடத்துக்கு முந்தின வருடம் நான் அங்கே சேர்ந்தேன். ப்ரூஃப் பார்க்கிற வேலை. எனக்கு எதிலும் சந்தேகம் வரும். கதவைப் பூட்டிவிட்டு மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் இதைக் குறையாகத்தான் சொல்லிவந்தார்கள். அச்சகத்தில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அக்காவும் நானும் விருதுநகரிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். அவர் ஜன்னல் ஓரம்தான் உட்காருவார். காற்றுக்காக அல்ல, கடைப் பலகைகளைப் படிப்பதற்கு. திருத்தங்கல் வருவதற்குள் நாலு கடைக்காரர்களைத் திட்டி முடித்திருப்பார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "அந்த 'க'வைப் பாரு, சப்பாணியா நிக்குது" என்பார். அது என்ன கடை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் வரைந்த எழுத்து ஒரு புஸ்வாணப் பெட்டிக்காகப் பிறந்தது. பூந்தேர் என்று பெயர். பெட்டிக்கு ஆர்டர் கொடுத்த பட்டாசுக்காரர், பார்க்கிறவர் கண்ணைக் கட்டிப்போடுகிற மாதிரி வேண்டும் என்று கேட்டாராம். அக்கா டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு வளைவையும் புள்ளி புள்ளியாக இழுத்துச் சரி செய்திருக்கிறார். நிற்கிற கோடெல்லாம் தடிமன், படுக்கிற கோடெல்லாம் மெலிசு. கோடு எங்கே முடிகிறதோ அங்கே சும்மா முடியாமல், சடை நுனியில் குஞ்சம் கட்டினாற்போல் ஒரு சின்ன விரிப்பும் சுருளும் இருக்கும். 'ப'வின் இரண்டு தலையிலும் ஒவ்வொன்று. 'ர'வின் காலில் ஒன்று. மெய்யெழுத்தின் மேல் வட்டப் புள்ளி கிடையாது. அதற்குப் பதில் எட்டுப் பக்கமும் சிதறுகிற ஒரு பொறி. பட்டாசுப் பெட்டிதானே.

அச்சகத்தில் அதற்குக் குஞ்ச எழுத்து என்று பெயர் வந்துவிட்டது. பூந்தேருக்குப் பிறகு ஆர்டர் வர வர ஒவ்வோர் எழுத்தாக வரைந்து சேர்த்திருக்கிறார். 'ண'வை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டாராம். அம்புட்டுச் சுழி இருக்கு, குஞ்சம் வைக்க ஒரு முனைதான் இருக்கு என்று அதன்மேல் அவருக்கு நிஜமாகவே கோபம்.

அக்காவிடம் ஒரே ஒரு பிடிவாதம்தான் இருந்தது. மற்றபடி சாதுவானவர். ஒரு தாளில் ஒரே ஓர் இடத்தில்தான் குஞ்ச எழுத்தைப் போடுவார். பெயருக்கு மட்டும். விலாசத்துக்குக் கிடையாது, விலைக்குக் கிடையாது, கீழே வருகிற எந்த வரிக்கும் கிடையாது.

"கூப்பிடுறதுக்கு ஒரு எழுத்து, பேசுறதுக்கு ஒரு எழுத்து. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா வந்தவுக எப்ப உக்காருறது?" என்பார்.

விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடைக்காரர் விலைப் பலகை முழுவதையும் குஞ்ச எழுத்தில் கேட்டார். அக்கா மறுத்துவிட்டார். அவர் வேறெங்கோ போய் அதே எழுத்திலேயே அடித்து மாட்டிவிட்டார். அதற்குள் எழுத்து சி.டி.யில் ஏறி ஊரெல்லாம் பரவியிருந்தது. அதற்காக அக்கா யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. பலகை மாட்டிய வாரம் என்னை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பரிமாறுகிறவர் வந்தார்.

"என்ன இருக்கு?" என்றார் அக்கா.

அவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அங்கே வருகிற எல்லாருக்கும் அப்படித்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு பரோட்டா சொன்னார். 

கல்யாணப் பத்திரிகைகளில்தான் தகராறு வரும். ஒரு தடவை பெண்ணின் தாய்மாமன் ஒருவர் மாடியேறி வந்தார். பெண்ணின் பெயர் குஞ்ச எழுத்தில் இருக்கிறது, தன் பெயர் சாதா எழுத்தில் இருக்கிறது, சபையில் தலைகாட்ட முடியாது என்றார். சீர் முழுவதும் தன்னுடையது என்றார். அக்கா பொறுமையாக எடுத்துச் சொன்னார். பத்திரிகையைக் கையில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது யாருக்குக் கல்யாணம் என்பதை. மாமா பெயருக்கும் குஞ்சம் வைத்தால் யாருக்குக் கல்யாணம் என்று தெரியாமல் போகும்.

மாமா யோசித்தார். "அப்ப பொண்ணு பேருக்கு எடுத்துருங்க. எனக்குப் போடுங்க. கலியாணம் அவளுக்குத்தான்னு ஊருக்கே தெரியும்."

அக்கா போடவில்லை. மாமா பெயரைச் சாதா எழுத்திலேயே கொஞ்சம் தடிமனாக்கிக் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார்.

இன்னொரு நாள் பஸ் நிலையத்தில் புதிதாக வர்ணம் அடித்த கட்டணக் கழிப்பறையில் 'பெண்கள்' என்று குஞ்ச எழுத்தில் எழுதியிருந்தது. பெயிண்டர் லேபிளைப் பார்த்துக் கையாலேயே வரைந்திருந்தார். அக்கா வெகுநேரம் நின்று பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. வருத்தப்படுகிறாரா, கோபமா, ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

"'ண' என்னுதைவிட நல்லா வந்திருக்கு" என்றார்.

மறுநாள் அச்சகத்தில் தன் 'ண'வைத் திருத்தினார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுக்கு மட்டும் குஞ்ச எழுத்து கிடையவே கிடையாது. அதற்கென்று ஒரு தடி எழுத்து இருந்தது. முனையில் ஒன்றும் இல்லாத, வெட்டிவைத்த மாதிரியான எழுத்து. ஒரு பெரிய கடை முதலாளி இறந்தபோது மகன்கள் வந்து கேட்டார்கள். அப்பா வருடா வருடம் கொடுத்த காலண்டரில் கடைப் பெயர் குஞ்ச எழுத்தில்தான் இருந்தது, அவருக்குப் பிடித்த எழுத்து என்றார்கள். எங்கள் முதலாளியே மாடியேறி வந்து சொல்லிப் பார்த்தார்.

"அழுறவுகளுக்கு அலங்காரம் எதுக்கு அண்ணாச்சி? இன்னார் இல்லைன்னு தூரத்துல இருந்தே தெரியணும். அம்புட்டுதான்" என்றார் அக்கா.

மகன்கள் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்கள். காலண்டர் ஆர்டரும் அவர்களோடு போனது. முதலாளி சில நாட்கள் மாடிக்கு வரவில்லை. ஏ.சி.யை மட்டும் கீழிருந்தே யாரோ அணைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் விபத்து. சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. ஆட்களை ஏற்றிப்போன வேன்கள் மதியமே திரும்பியதைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஓர் அம்மாவும் அவருடைய தம்பியும் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தார்கள். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு மாடி ஏறியிருந்தார்கள். அந்த அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து மகளின் போட்டோவை எடுத்தார். கூடவே, மடித்துத் தட்டையாக்கிய ஒரு பூந்தேர் பெட்டியையும் எடுத்தார். பெட்டியின் மேலிருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இந்த எழுத்துல எம்மக பேரப் போடணும் தாயி."

அக்கா தன் வழக்கமான பதிலைச் சொன்னார், கொஞ்சம் மெதுவாக. இது நல்ல காரியத்துக்குப் போடுகிற எழுத்து, கல்யாணத்துக்குப் போடுவது என்றார்.

"அதுக்குத்தான் கேக்கேன். அவ இந்த லேபிளுதான் ஒட்டுவா. எங் கலியாணப் பத்திரிகையில எம் பேரு இப்படித்தான் இருக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடப்பா. இனி பத்திரிகை எங்க அடிக்க. அவ பேருல அடிக்கப்போறது இந்த ஒரு தாளுதான். இதுல போட்டுருங்க."

அந்த அம்மா அழவில்லை. கடையில் துணி கேட்கிற மாதிரி கேட்டார். தம்பிதான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பினார். பிறகு பெயர் கேட்டார். முத்துச்செல்வி.

அடித்தார். திரையில் பெயர் வந்தது. எப்போதும் செய்கிற மாதிரி எழுத்துகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்தார். அந்தப் பெயரில் மூன்று மெய்யெழுத்து. மூன்றின் தலையிலும் பொறி.

அந்தப் பொறியை நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்தவர்கள். அது எதனுடைய உருவம் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. அக்காவுக்கும் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் பொறியை யாரும் நெருப்பாகப் பார்ப்பதில்லை. லேபிளில் வருகிற ஒரு பூ, அவ்வளவுதான். அன்று முத்துச்செல்வி என்ற பெயரின் மேல் மூன்று இடத்தில் அது நெருப்பாகத் தெரிந்தது.

அக்காவின் கை மவுஸிலிருந்து விலகியது. அந்த அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது நெருப்புப் பொறி மாதிரி இருக்கும்மா. சாதாரணப் புள்ளியா மாத்திருதேன்."

அந்த அம்மா திரையைப் பார்த்தார். கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"பெட்டியில அப்படித்தான தாயி இருக்கு. அவ பாத்தது அதத்தான. நீங்களா ஒண்ணையும் மாத்தாதீக."

அக்கா மாற்றவில்லை. ப்ரூஃப் என் மேஜைக்கு வந்தது. படித்தேன். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகப் பஸ் ஏறி அந்த அம்மாவின் ஊருக்குப் போய்ப் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை பஸ்ஸில் என்னிடம் சொன்னார். அன்று அவர் கடைப் பலகை ஒன்றையும் படிக்கவில்லை.

"ஸ்டாப்புச் சுவத்துல ஒட்டியிருந்தாக. நான் எதுத்தாப்புல நின்னேன். சைக்கிள்ல ஒரு ஆளு வந்தாரு. தூரத்துல இருந்து பேரப் பாத்துட்டு, யாரு வீட்டுக் கலியாணம்னு சிரிச்ச மூஞ்சியா கிட்ட வந்தாரு. போட்டோவப் பாத்தாரு. கீழ இருந்த வரியப் படிச்சாரு. அப்புறம் சைக்கிள உருட்டிக்கிட்டே போயிட்டாரு. ஏறிப் போகல."

திருத்தங்கல் தாண்டியதும், "கூப்பிட்டுருச்சு பாத்தியா" என்றார்.

அன்று காலையிலேயே முதலாளியிடம் போய், குஞ்ச எழுத்தை இனி யாருக்கும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அது ஒருத்திக்குப் போய்விட்டது என்றார்.

"எழுத்து என்ன சேலையா, ஒருத்தி கட்டிக்கிட்டுப் போறதுக்கு?" என்று முதலாளி கேட்டார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது. சீசன் நடந்துகொண்டிருந்தது. பூந்தேர் பெட்டி மட்டுமே லோடு லோடாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா வேறோர் எழுத்து வரைந்து தருவதாகச் சொன்னார். பெட்டிக்காரர்கள் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்து மாறினால் டூப்ளிகேட் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்றார்கள். முதலாளி அந்த வேலையை இன்னோர் ஆபரேட்டருக்கு மாற்றினார். அவரும் அதே அறையில், அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, அதே எழுத்தை எல்லாருக்கும் போட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பெயரை நீங்க பாருங்க, சின்ன எழுத்தெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் என்று மட்டும் அவரிடம் சொன்னார்.

அதிலிருந்து விலாசம், எடை, எச்சரிக்கை வரிகள், இவைதான் அவர் வேலை. குழந்தைகள் தனியாக வெடிக்கக் கூடாது, கையில் பிடித்துக் கொளுத்தக் கூடாது, அந்த மாதிரி வரிகள். ஒவ்வொரு லேபிளும் மறு அச்சுக்கு வரும்போது அந்த வரிகள் கொஞ்சம் பெரிதாகிப் போகும். பூந்தேர் பெட்டியில் அது முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. நான் வேலையை விடும்போது கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தது. தாள் நல்ல தாளாக வருகிறது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்தது சரியா என்று எனக்கு அப்போதே சந்தேகம். முத்துச்செல்வியின் அம்மா ஒரு தாளில் போடச் சொன்னார். மற்ற தாள்களில் போடக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் தைரியமாக இதைக் கேட்டேன்.

"அவுக கேக்கலதான். நானாத்தான் குடுத்தேன்" என்றார் அக்கா. "கேட்டதை மட்டும் குடுத்தா அது ஆர்டருல சேந்துரும்லா."

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. என் பத்திரிகையில் அப்பா குஞ்ச எழுத்து வேண்டும் என்றார். நான் அச்சகத்தில் சொல்லி வேறு எழுத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா அதைக் கவனித்தாரா என்று தெரியாது. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், வாசலில் கட்டியிருந்த பேனரில் ஓர் எழுத்து சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது திருப்பூரில் பனியன் பெட்டிகளுக்கு லேபிள் செய்வதாகக் கேள்வி. பழைய போன் நம்பர் போகவில்லை.

இப்போது என் மேஜையில் கயல்விழியின் பத்திரிகை. கொழுந்தனார் விருதுநகரில் தெரிந்த கடையில் கொடுத்து மாதிரி அடித்து வாங்கிவந்தது. 'கயல்விழி'யில் ஒரே ஒரு புள்ளி. அது பொறியாக இருக்கிறது. மாமியார் அவள் பெயரை விரலால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கயல்விழியும் அவரைப் பார்த்து அதேபோல் பத்திரிகையைத் தடவினாள். அவளுக்கு ஒன்றரை வயது. பொறியின் மேல் விரலை வைத்து அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையை அலமாரி மேல் வைத்துவிட்டேன். பிறகு, ஒரு தாளைப் போய் நெருப்புப்பெட்டியை ஒளிக்கிற மாதிரி ஒளிக்கிறோமே என்று எடுத்து மறுபடி கீழே வைத்தேன்.

எழுத்தை மாற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். காதுகுத்துப் பேச்சுக்கு நடுவில் சாவுப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. எடுத்தால் மாமியார் அந்த நாளையே தள்ளி வைத்துவிடுவார். புள்ளியை மட்டும் வட்டமாக்கச் சொல்லலாம். அதை மாற்றாதீக என்று முத்துச்செல்வியைப் பெற்றவளே சொன்ன பிறகு மாற்ற நான் யார் என்று இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாம். நல்ல காரியத்தில் பெரிதாக ஒரு பெயர், அதைத்தானே முத்துச்செல்வியும் ஆசைப்பட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அவள் ஆசைப்பட்டது அவள் பெயருக்கு. என் மகள் பெயருக்கு அல்ல.

ப்ரூஃப் இன்னும் படித்து முடியவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மொத்தமே பத்து வரி. எத்தனை நாளைக்குப் படிக்க முடியும்.

முத்துச்செல்வியின் அம்மாவிடமே நேரில் போய்க் கேட்டுவிடலாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஊர் தெரியும். விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் எழுத்தைக் காட்டாமல் கேட்க முடியாது. காட்ட வேண்டுமானால் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பத்திரிகையோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றால் அழைக்க வந்திருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த அம்மா எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த எழுத்து மட்டும் தெரியும்.

அப்போது நான் என்ன சொல்ல வேண்டும்? இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மற்றதெல்லாம் இருக்கட்டும், இந்த ஒன்றுக்காவது ஒரு வழி எழுதுங்கள்.